பேஸ்பால் ஒப்பந்தச் செய்தியைப் படிப்பது எப்படி: ஜெர்சி வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

2022 டிசம்பரில் என் பையனுக்கு ஒரு ஜயண்ட்ஸ் ஜெர்சி வாங்கினேன். முதுகில் 'கொரேயா' என்று பெயர், அதற்குக் கீழே 4. பெயர் அச்சடித்தால் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடையில் முன்கூட்டியே சொன்னார்கள். பரவாயில்லை, அவர் எங்கே போகப்போகிறார் என்றேன். கார்லோஸ் கொரேயா 13 ஆண்டுகளுக்கு, 350 மில்லியன் டாலருக்கு, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு வருகிறார் என்று டிசம்பர் 13 அன்று எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டதே.

20ஆம் தேதி அவரை அறிமுகப்படுத்தும் கூட்டம். அன்று காலையிலேயே கூட்டம் இல்லை என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் மெட்ஸ் அணிக்கு 12 ஆண்டு, 315 மில்லியன் என்று செய்தி. அதுவும் நிற்கவில்லை. ஜனவரியில் மனிதர் தன் பழைய மின்னசோட்டா ட்வின்ஸுக்கே 6 ஆண்டு, 200 மில்லியனுக்குத் திரும்பிப் போனார். ஜெர்சி மட்டும் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, பிள்ளைகளால் பேஸ்பாலுக்குள் இழுக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஆட்ட விதிகள் ஒரு சீசனில் பிடிபட்டுவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை மைதானத்தில் ஒருவரும் இல்லாதபோது நடக்கும் பண ஆட்டம்தான் தலையைச் சுற்றவைக்கும். ஐ.பி.எல். ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே அணிகள் கையைத் தூக்கும், ஆட்டக்காரர் விழுந்த இடத்துக்குப் போவார். பர்ஸ் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இங்கே ஏலமே கிடையாது. ஆட்டக்காரர்தான் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். பர்ஸுக்கு உச்சவரம்பும் இல்லை; தாண்டினால் வரி கட்டவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அணி முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம். 'பேசிக் அக்ரிமென்ட்' என்பார்கள். சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம், முழுதும் படிக்கவேண்டாம். 6 (சம்பளம்), 20 (ஃப்ரீ ஏஜென்சி), 21 (சர்வீஸ் கணக்கு), 23 (லக்சரி டாக்ஸ், அதாவது மேலே சொன்ன வரி), 24 (வருமானப் பகிர்வு) ஆகிய பிரிவுகள் போதும். ஒரு சனி ஞாயிறு ஆகும். இரண்டாவது, அணிகளின் சம்பளக் கணக்கைத் தொகுத்துப் போடும் தளங்கள். ஸ்பாட்ராக், ஃபேன்கிராஃப்ஸ் இரண்டிலும் காசு கொடுக்காமல் கிடைப்பதே நமக்குத் தாராளம். கீழே வரும் எண்கள் எல்லாம் 2022 முதல் 2026 வரைக்குமான ஒப்பந்தத்தில் உள்ளவை. அது 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு படிக்கிறீர்கள் என்றால் விகிதங்களைப் புது ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் சர்வீஸ் கணக்கைப் பாருங்கள்

'இந்தப் பையன் இவ்வளவு நன்றாக ஆடுகிறானே, ஏன் இன்னும் எட்டு லட்சம் டாலர்கூட வாங்கவில்லை?' என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள். பதில் அவனுடைய சர்வீஸ் டைமில் இருக்கிறது.

மேஜர் லீக் (முதல்நிலை) அணியில் பெயர் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சர்வீஸ். 172 நாள் சேர்ந்தால் ஒரு வருடம். ஒரு சீசன் ஏறத்தாழ 187 நாள் ஓடும் என்பதால், கொஞ்ச நாள் மைனர் லீக்கில் (கீழ்நிலை அணிகளில்) இருந்துவிட்டு வந்தாலும் முழு வருடம் கிடைக்கும். கணக்கை 4.085 என்று எழுதுவார்கள். இதைத் தசமம் என்று நினைத்து நான் ஒரு மாதம் ஏமாந்தேன். நான்கு வருடம், 85 நாள் என்று படிக்கவேண்டும்.

மூன்று வருடம் முடியும்வரை அணி கொடுப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சம் 2025இல் 7,60,000 டாலர், 2026இல் 7,80,000. மூன்றிலிருந்து ஆறு வருடம் வரை ஆர்பிட்ரேஷன் காலம். ஆறு முடிந்து, கையில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம். இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களில் சர்வீஸ் அதிகமுள்ள 22 சதவீதம் பேர் ஒரு வருடம் முன்னாலேயே ஆர்பிட்ரேஷனுக்குள் போய்விடுவார்கள். அவர்களுக்கு 'சூப்பர் டூ' என்று பெயர்.

ஆர்பிட்ரேஷன் என்றதும் நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி நடுவில் ஒரு தொகைக்கு முடித்துவைப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். நடுவில் எதையும் எடுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. 2023இல் மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் 10.75 மில்லியன் கேட்டார், அணி 10.01 சொன்னது, அணி ஜெயித்தது. முக்கால் மில்லியன்கூட இல்லாத வித்தியாசத்துக்காகத் தன் சொந்த அணியே நடுவர்கள் முன்னால் தன்னைக் குறை சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனவருத்தத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த வருடம் அவர் மில்வாக்கியில் இல்லை.

இங்கே உள்ள பொறி: அணிகள் நாட்களை எண்ணுவார்கள். கிரிஸ் பிரையன்டை சிகாகோ கப்ஸ் 2015இல் ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கொண்டுவந்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் ஃப்ரீ ஏஜென்சி ஒரு வருடம் தள்ளிப்போனது. முறையீடு செய்தார், தோற்றார். இப்போதைய ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் தகுதியுள்ள இளைஞனுக்கு முழு வருட சர்வீஸ் கிடைத்துவிடும். 2024இல் மே மாதம் வந்த பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆரம்ப நாளிலிருந்தே இளம் ஆட்டக்காரரை ஆடவைத்து அவர் விருதும் வாங்கினால் அணிக்கு டிராஃப்டில் (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) கூடுதல் தேர்வு உண்டு. ஆகவே ஏப்ரலில் உங்கள் அணியின் பெரிய நம்பிக்கை மைனர் லீக்கில் இருந்தால், 'இன்னும் பயிற்சி வேண்டும்' என்று அணி சொல்வதோடு நிறுத்தாமல் காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள்.

2. தேதிகளைக் குறித்துவையுங்கள்

சீசனின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரீஸ் முடிந்த மறுநாளே தகுதியுள்ளவர்கள் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார்கள். ஆனால் வேறு அணியோடு கையெழுத்திடுவதற்கு ஐந்தாம் நாள் மாலை கிழக்கு நேரம் 5 மணி ஆகவேண்டும்; மேற்குக் கரையில் நமக்கு மதியம் 2 மணி. 2025இல் அது நவம்பர் 6. அந்த ஐந்து நாளுக்குள்தான் ஒப்பந்தத்தில் உள்ள கூடுதல் வருட ஆப்ஷன்களை எடுப்பதா விடுவதா என்ற முடிவுகளும், கீழே சொல்லப்போகும் குவாலிஃபையிங் ஆஃபரும் வரும். செய்தி கொட்டும் வாரம். எதுவும் புரியவில்லை என்றாலும் கவலைப்படவேண்டாம்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில், தேங்ஸ்கிவிங்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமையை ஒட்டி, 'டெண்டர்' கெடு. ஆர்பிட்ரேஷன் காலத்தில் உள்ள யாருக்கு அடுத்த வருட ஒப்பந்தம் கொடுக்கப்போகிறோம் என்று அணி சொல்லவேண்டிய நாள். கொடுக்காவிட்டால் அவர் ஆறு வருடம் ஆகாமலே ஃப்ரீ ஏஜென்ட். 'நான்-டெண்டர்' பட்டியலில் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும், நான் இதை ஆவலோடு பார்ப்பேன். டிசம்பர் தொடக்கத்தில் எல்லா அணி நிர்வாகிகளும் கூடும் வின்டர் மீட்டிங்ஸ் (2024இல் டாலஸ், 2025இல் ஆர்லாண்டோ). ஜனவரி இரண்டாம் வார வாக்கில் ஆர்பிட்ரேஷன் தொகைகளைப் பரிமாறிக்கொள்வார்கள். பிப்ரவரி நடுவில் ஸ்பிரிங் டிரெய்னிங், சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம்.

கையெழுத்திடக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. இதை மறந்தால் டிசம்பர் முழுக்க உங்கள் அணியைத் திட்டிக்கொண்டே இருப்பீர்கள். அதற்கு முந்தைய சீசனின் சை யங் விருது (சிறந்த பந்துவீச்சாளருக்கு) வாங்கிய பிளேக் ஸ்னெல் 2024இல் மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் ஜயண்ட்ஸோடு கையெழுத்திட்டார்.

3. பெயருக்குப் பக்கத்தில் குவாலிஃபையிங் ஆஃபர் இருக்கிறதா?

தன் அணியிலிருந்து கிளம்பும் நல்ல ஆட்டக்காரருக்கு அணி 'ஒரு வருடம் இரு, இந்தத் தொகை தருகிறேன்' என்று சொல்லலாம். சம்பளப் பட்டியலில் முதல் 125 பேரின் சராசரிதான் அந்தத் தொகை. 2024இல் 21.05 மில்லியன், 2025இல் 22.025 மில்லியன். சீசன் முழுதும் அதே அணியில் இருந்திருக்கவேண்டும், வாழ்க்கையில் ஒரு தடவைதான் கொடுக்கமுடியும். ஏற்றுக்கொள்ளச் சுமார் இரண்டு வாரம் அவகாசம். பெரும்பாலோர் மறுத்துவிடுவார்கள். 2024இல் சின்சினாட்டியின் நிக் மார்ட்டினெஸ் ஏற்றுக்கொண்டார், சரியான முடிவு என்றே தோன்றியது.

மறுத்தவரை வேறு அணி எடுத்தால், எடுத்த அணி டிராஃப்ட் தேர்வை இழக்கும். செய்தியில் கடைசிப் பத்தியில் சின்னதாக வரும் இந்த விலை ஒப்பந்தத் தொகைக்குள் அடங்காது. ஜயண்ட்ஸையே பாருங்கள். ஸ்னெல், மேட் சாப்மன் இருவரையும் எடுத்ததற்காக 2024 டிராஃப்டில் இரண்டு தேர்வுகள் போயின. அந்த வருடக் கடைசியில் வில்லி அடாமெஸை 7 ஆண்டு, 182 மில்லியனுக்கு எடுத்தபோது இரண்டாவது, ஐந்தாவது தேர்வுகள் இரண்டும் போயின. வெளிநாட்டு இளைஞர்களுக்கான போனஸ் நிதியிலும் ஒரு மில்லியன் வெட்டு. ஒரே ஒருவருக்கு ஏன் இவ்வளவு? முந்தைய சீசனில் லக்சரி டாக்ஸ் கட்டிய அணிக்குத் தண்டனை அதிகம். ஜயண்ட்ஸ் கட்டிய வரி வெறும் 2.4 மில்லியன் சொச்சம்தான். வரி தொடங்கும் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள். அந்தக் கொஞ்சம், ஒரு தேர்வையும் அரை மில்லியன் போனஸ் நிதியையும் கூடுதலாகத் தின்றுவிட்டது.

4. தலைப்பில் வரும் தொகையை உடைத்துப் பாருங்கள்

'700 மில்லியன்' என்றால் என்ன? ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டு, 700 மில்லியன். பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 70. ஆனால் ஆடும் பத்து வருடமும் அவர் கைக்கு வருவது வருடத்துக்கு 2 மில்லியன்தான். மீதி 68 மில்லியன் ஒவ்வொன்றும் 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். அப்படியானால் லக்சரி டாக்ஸ் கணக்கில் எவ்வளவு? 70ஆ, 2ஆ? இரண்டும் இல்லை. பத்து வருடம் கழித்து வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, வருடத்துக்குச் சுமார் 46 மில்லியன் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

நம்மூரில் சீட்டுப் போட்டவருக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் மாதம் சீட்டு எடுக்கிறவரும் கடைசி மாதம் எடுக்கிறவரும் ஒரே தொகை பெறுவதில்லையே.

ஆகவே எந்த ஒப்பந்தச் செய்தி வந்தாலும் நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதுவேன்: மொத்தம், வரிக் கணக்கில் வருடச் சராசரி, இந்த வருடம் கைக்குப் போவது, கையெழுத்துப் போனஸ். ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் மெட்ஸோடு போட்டது 15 ஆண்டு, 765 மில்லியன். தள்ளிவைத்த பணம் ஒரு டாலர்கூட இல்லை, ஆகவே சராசரி சரியாக 51 மில்லியன். கையெழுத்துப் போனஸ் 75 மில்லியன். அதை எப்போது கொடுத்தாலும் வரிக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பரப்பிவிடுவார்கள். தலைப்பில் 65 மில்லியன் வித்தியாசம் என்றுதான் தெரியும். உண்மையில் இரண்டு ஒப்பந்தமும் வேறு வேறு பிராணி.

தள்ளிவைத்த பணம் அணிக்கு இலவசக் கடன் என்று பலர் எழுதுவார்கள். அதையும் நம்பவேண்டாம். அந்தந்த சீசனுக்கான தள்ளிவைத்த தொகையின் இன்றைய மதிப்பை, சீசன் முடிந்து வரும் இரண்டாவது ஜூலை 1க்குள் அணி தனியாக ஒதுக்கிவைத்தாகவேண்டும்.

5. சிறு எழுத்தில் இருப்பவை

இங்கேதான் நான் அதிகம் வழுக்கியிருக்கிறேன், எனவே கொஞ்சம் பொறுமையாக.

ஆப்ஷன் என்பது ஒப்பந்தத்தின் வாலில் தொங்கும் கூடுதல் வருடம். அது யார் கையில் என்று பாருங்கள். கிளப் ஆப்ஷன் என்றால் முடிவு அணியுடையது, பிளேயர் ஆப்ஷன் என்றால் ஆட்டக்காரருடையது. மியூச்சுவல் ஆப்ஷன் என்றால் இருவரும் சம்மதிக்கவேண்டும். நன்றாக ஆடியிருந்தால் ஆட்டக்காரர் வேண்டாம் என்பார், மோசமாக ஆடியிருந்தால் அணி வேண்டாம் என்னும், ஆகவே அது நடக்காது என்றே எழுதிவைத்துக்கொள்ளலாம். பிறகு எதற்குப் போடுகிறார்கள்? ஆப்ஷனை விட்டால் கொடுக்கவேண்டிய 'பைஅவுட்' தொகையை ஒரு வருடம் தள்ளிக் கொடுக்க அது ஒரு வழி.

ஆப்ட்-அவுட் என்பது பாதியில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே போகும் உரிமை. இதைக் கவனிக்காமல் 'இரண்டு வருடம் இருப்பார்' என்று பையனிடம் சொல்லிவிட்டேன், அது இரண்டாவது அவமானம். ஸ்னெல் ஜயண்ட்ஸோடு போட்டது 2 ஆண்டு, 62 மில்லியன்; முதல் வருடம் முடிந்ததும் வெளியேறலாம். வெளியேறினார். போன இடம் டாட்ஜர்ஸ், 5 ஆண்டு, 182 மில்லியன். ஆகவே ஆப்ட்-அவுட் உள்ள ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நான் மனதில் வைக்கும் கணக்கு எளிது: நன்றாக ஆடினால் ஒரு வருடம், ஆடாவிட்டால் எழுதியிருக்கும் அத்தனை வருடமும்.

சில ஆப்ட்-அவுட்டுகளை அணி அடைக்கலாம். சோட்டோ 2029 சீசனுக்குப் பிறகு போக நினைத்தால், மீதிப் பத்து வருடத்துக்கும் வருடத்துக்கு 4 மில்லியன் கூட்டிக் கொடுத்து மெட்ஸ் அவரை நிறுத்திவைத்துக்கொள்ளலாம். அப்போது மொத்தம் 805 ஆகும். ஓதானியின் ஒப்பந்தத்தில் வேறொரு வேடிக்கை. முதலாளி மார்க் வால்டரோ நிர்வாகி ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ அணியை விட்டுப் போனால் இவரும் போகலாம்.

'40 ஹோம்ரன் அடித்தால் போனஸ்' என்று யாராவது எழுதியிருந்தால் அந்தச் செய்தியை மூடிவிடுங்கள். ஹோம்ரன், பேட்டிங் சராசரி, வெற்றி எண்ணிக்கை போன்ற ஆட்டத் திறனுக்குப் போனஸ் எழுத விதியில் இடமில்லை. எத்தனை முறை பேட் பிடித்தார், எத்தனை இன்னிங்ஸ் வீசினார், எத்தனை நாள் அணியில் இருந்தார், என்ன விருது வாங்கினார் என்பவற்றுக்குத்தான் எழுதமுடியும்.

டிரேட் தடை பற்றி ஒரு வரி. பத்து வருட சர்வீஸும், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியிலும் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றமுடியாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

அப்புறம், மேஜர் லீக் ஒப்பந்தத்தில் பணம் பெரும்பாலும் முழு உத்தரவாதம். அணி அவரை நடுவில் விடுவித்தாலும் கொடுத்தே தீரவேண்டும். புதிதாக எடுக்கும் அணி குறைந்தபட்சச் சம்பளத்தின் பங்கை மட்டும் தந்தால் போதும். ஆகஸ்டில் ஒரு பழைய நட்சத்திரம் திடீரென்று உங்கள் அணியில் தோன்றினால், அவர் சம்பளத்தை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். 'மைனர் லீக் ஒப்பந்தம், ஸ்பிரிங் டிரெய்னிங் அழைப்போடு' என்று வந்தால் அதில் அப்படி உத்தரவாதம் இல்லை. பெயரைப் பார்த்துத் துள்ளவேண்டாம்.

6. லக்சரி டாக்ஸை நீங்களே போட்டுப் பாருங்கள்

அதிகாரப்பூர்வப் பெயர் காம்பெடிட்டிவ் பேலன்ஸ் டாக்ஸ். 2025இல் கோடு 241 மில்லியன், 2026இல் 244. 40 பேர் பட்டியலில் உள்ளவர்களின் வருடச் சராசரிகளைக் கூட்டி, அதோடு ஆட்டக்காரர் நலச் செலவில் அணியின் பங்கையும் சேர்ப்பார்கள். இந்த நலச் செலவு பதினேழு பதினெட்டு மில்லியன் வரும். இதை விட்டுவிட்டுத்தான் முதலில் நான் கணக்குப் போட்டேன், 'இன்னும் இடம் இருக்கிறதே, ஏன் வாங்கவில்லை' என்று கத்தினேன். கணக்கு சீசன் முடிவில்தான் மூடப்படும். ஜூலையில் வாங்கிய ஒருவர் ஒரு அணியைக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடலாம்.

கோட்டுக்கு மேலே உள்ள தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருடம் 30, மூன்றிலிருந்து 50. ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மறுபடி 20இலிருந்து தொடங்கும். கோட்டை 20 மில்லியனுக்கு மேல் தாண்டினால் கூடுதலாக 12 சதவீதம். 40ஐத் தாண்டினால் இன்னும் பலமாக ஏறும், டிராஃப்டில் முதல் தேர்வும் பத்து இடம் பின்னே போகும். 60ஐத் தாண்டிய பகுதிக்கு எல்லாம் சேர்த்து 80, 90, 110 சதவீதம், எத்தனையாவது வருடம் என்பதைப் பொறுத்து.

ஒரு உதாரணம். 2026இல் ஓர் அணியின் கணக்கு 270 மில்லியன் என்று வையுங்கள். கோட்டுக்கு மேலே 26. முதல் தடவை என்றால் முதல் 20க்கு 20 சதவீதம், 4 மில்லியன். அடுத்த 6க்கு 32 சதவீதம், 1.92. மொத்தம் 5.92. இதே அணி தொடர்ந்து மூன்றாவது வருடம் தாண்டினால் 10ம் 3.72ம் சேர்ந்து 13.72. ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள், வரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். 'இந்த வருடம் கொஞ்சம் அடக்கி வாசிப்போம்' என்று பணக்கார அணிகூட ஏன் சொல்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

உச்சியில் இருப்பவர்களுக்கோ கணக்கே வேறு. தொடர்ந்து தாண்டிக்கொண்டிருக்கும் அணி, கடைசி அடுக்கில் நின்றுகொண்டு வருடம் 20 மில்லியனுக்கு ஒருவரை எடுத்தால், 22 மில்லியன் வரி. ஆகமொத்தம் 42. அப்படியும் எடுக்கிறார்கள். 2023இல் மெட்ஸ் கட்டிய வரி 100 மில்லியனுக்கு மேல், 2024இல் டாட்ஜர்ஸ் கட்டியது சுமார் 103 மில்லியன். அந்த வருடம் மொத்தம் ஒன்பது அணிகள் வரி கட்டின.

7. செலவே செய்யாத அணிகளையும் படியுங்கள்

உச்சவரம்பு இல்லாத மாதிரியே கீழ்வரம்பும் இல்லை. ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட, அதை 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிப்பார்கள். பெரிய நகர அணிகளுக்கு நஷ்டம், சின்ன நகர அணிகளுக்கு லாபம். வாங்குகிறவர்கள் அதை ஆட்டத்தை மேம்படுத்தச் செலவிடவேண்டும் என்று விதி. அணியின் சம்பளக் கணக்கு, வாங்கிய பங்கைப்போல ஒன்றரை மடங்குக்குக் கீழே இருந்தால், சரியாகத்தான் செலவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அணி தலையில் விழும். 2024 டிசம்பரில் அத்லெடிக்ஸ் அணி லூயிஸ் செவெரினோவுக்கு 3 ஆண்டு, 67 மில்லியன் கொடுத்தது. அந்த அணியின் சரித்திரத்தில் அதுவரை அதுதான் மிகப்பெரிய உத்தரவாதத் தொகை. திடீர்க் கொடைக்கு இந்த விதிதான் காரணம் என்று அப்போது பரவலாக எழுதினார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தோற்றால் நல்ல டிராஃப்ட் தேர்வு கிடைக்கும் என்ற பழைய கணக்கையும் குலுக்கல் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். 2024இல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது பத்தாவது இடம். முந்தைய வருடம் குலுக்கலில் இடம் பெற்ற பெரிய சந்தை அணி அடுத்த வருடம் பத்தாவது இடத்துக்கு முன்னே வரமுடியாது என்பது விதி.

8. ஜப்பான், கொரியாவிலிருந்து வருபவர்கள்

இவர்களுக்குப் 'போஸ்டிங்' என்ற தனி வழி. பழைய கிளப்புக்கும் புது அணி பணம் கட்டவேண்டும். ஒப்பந்தத் தொகையின் முதல் 25 மில்லியனில் 20 சதவீதம், அடுத்த 25இல் 17.5, அதற்கு மேல் 15. ஜங் ஹூ லீ 2023 டிசம்பரில் ஜயண்ட்ஸோடு போட்டது 6 ஆண்டு, 113 மில்லியன். போட்டுப் பாருங்கள்: 5, 4.375, 9.45. ஆக 18.825 மில்லியன் கொரிய கிளப்புக்கு. இது வரிக் கணக்கில் சேராது. பேசி முடிக்க ஜப்பானியருக்கு 45 நாள், கொரியருக்கு 30 நாள். வயது 25க்குக் கீழே என்றால் கதையே வேறு: வெளிநாட்டு இளைஞர் போனஸ் நிதியிலிருந்துதான் கொடுக்கமுடியும். ரோக்கி சசாக்கி 2025 ஜனவரியில் டாட்ஜர்ஸிடம் வாங்கியது 6.5 மில்லியன் மட்டுமே.

9. கடைசியாக, மெடிக்கலும் ஜெர்சியும்

செய்தியில் 'மருத்துவப் பரிசோதனை பாக்கி' என்ற வரி இருக்கும்வரை அது வெறும் பேச்சு. கொரேயாவின் கால் எலும்பில் 2014இல் செய்த பழைய அறுவைச் சிகிச்சையைப் பார்த்துத்தான் ஒன்றுக்கு இரண்டு அணிகள் தயங்கின. கொரேயா செய்திக்கு ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 6 அன்று, ஆரன் ஜட்ஜ் ஜயண்ட்ஸுக்கு வருவதாக ஒரு பிரபல செய்தியாளர் எழுதினார். அவசரத்தில் 'ஆரன்' என்பது 'ஆர்சன்' ஆகிவிட்டது. ஆர்சன் என்றால் தீவைப்பு. வைத்தது எங்கள் வயிற்றில். சில நிமிடங்களில் திரும்பப் பெற்றார், ஜட்ஜ் 9 ஆண்டு, 360 மில்லியனுக்கு யாங்கீஸிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடம் இதே மாதம், ஓதானி டொரோன்டோவுக்குப் பறக்கிறார் என்று ஒரு தனி விமானத்தை ஊரே இணையத்தில் பின்தொடர்ந்தது. இறங்கியவர் ஒரு கனடிய தொழிலதிபர்.

எனவே நான் இப்போது பார்ப்பது அணியின் சொந்த அறிவிப்பை மட்டும்தான். புதியவரை 40 பேர் பட்டியலில் சேர்த்தோம் என்று அணியே சொல்லியிருக்கவேண்டும். பட்டியல் நிரம்பியிருந்தால் அதே அறிவிப்பில் யாரோ ஒருவரை எடுத்துவிட்டதாகவும் இருக்கும். ஒருவர் வேலை போனால்தான் இன்னொருவர் வந்தது உறுதி. பாவம்தான், ஆனால் அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. அதன் பிறகு அணி இணையதளத்தில் அவர் பெயரோடு எண் வரும்வரை இன்னும் சில நாள் பொறுங்கள்.

எண்ணுக்கு ஏன் பொறுக்கவேண்டும் என்றால், கொரேயா மின்னசோட்டாவில் 4 அணிந்திருந்தார், அதனால் நானும் 4 என்றே அச்சடிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து பையன்தான் மைதானத்துச் சுவரைக் காட்டினான். பழைய ஜயண்ட்ஸ் நட்சத்திரம் மெல் ஆட் அணிந்த எண், ஜயண்ட்ஸ் அதை எப்போதோ ஓய்வில் வைத்துவிட்டார்கள். கொரேயா வந்திருந்தாலும் அந்த ஜெர்சி தப்புத்தான்.